ஜோடி சேராத ஸ்பிரிங்குகள்

பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு பற்றி எரிந்தது. மாமனாரின் பழைய காரைக் கல்யாணமான நாளிலிருந்து பார்த்துவந்தவர் அவர். ஸ்பிரிங் பட்டறைக்காரர் மருமகனாக வாய்த்த வீட்டில் வேறு யார் பார்ப்பார்கள்? அந்தக் காரைத்தான் மாமனார் இந்த முறை சத்தமில்லாமல் சின்ன மாப்பிள்ளையின் ஷெட்டில் விட்டிருந்தார். அந்தப் பொடியன் ஷெட் திறந்ததே நேற்று முந்தாநாள். மாமியார் வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்து, அந்த வீட்டுக் கடைக்குட்டியையே கட்டிக்கொண்டவன். அங்கே எதற்கெடுத்தாலும் அவன் பேச்சுத்தான் செல்லும்.

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியதுபோல, காருக்கு வாங்கிய புது முன்பக்க ஸ்பிரிங் இரண்டையும் அவன் இவரிடமே அனுப்பிவைத்தான். அளந்து பார்க்கும் அழுத்தப் பொறி அந்த வட்டாரத்தில் இவர் ஒருவரிடம்தான் உண்டு.

"அண்ணே, ஒரு தடவை அளந்து பாத்துச் சொல்லுங்க. நீங்க சரின்னா மாட்டிடுறேன்" என்றான் போனில். என்ன பணிவு! அந்தப் பணிவுதான் பெரியவருக்கு இன்னும் எரிச்சல்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளந்தார். ஸ்பிரிங்கை எடை மேடைமேல் நிறுத்தி, மேலிருந்து திருகாணியைச் சுற்றி அழுத்தினார். முதல் அங்குலத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார். ஸ்பிரிங் ஒழுங்காக உட்காருவதற்கே அது போய்விடும். அடுத்த அங்குலம் அமுங்க எத்தனை கிலோ கேட்கிறதோ அதுதான் அதன் விறைப்பு. ஒன்று தொண்ணூறு கேட்டது. மற்றது நூறு. தலைகீழாக நிறுத்தி மறுபடியும் அளந்தார். அதே கதைதான்.

ஜோடி என்றால் ஒரே அளவு. இது அவர் பட்டறைச் சட்டம். இங்கே பத்து கிலோ வித்தியாசம்! பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பையன் மாற்றிக்கொண்டிருப்பான். அந்த ஒரு வார்த்தையைப் பெரியவர் விழுங்கிவிட்டார்.

"நல்லா இருக்கு. மாட்டு" என்றார். மாமனார் முன்னால் அவிழ்க்க வேண்டிய மூட்டையைப் போனில் அவிழ்க்க அவருக்கென்ன பைத்தியமா?

ஞாயிற்றுக்கிழமை பெரியவர் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது கார் வாசலில் வந்து நின்றது. மாமனார் இறங்கி, அங்கே நின்ற சின்னவனிடம், "மெத்தை மாதிரி போகுது மாப்பிள்ளை" என்றார். இந்தப் பாராட்டை இத்தனை காலத்தில் பெரியவர் அவர் வாயால் கேட்டதில்லை.

"போகும் மாமா. ஆனா ரெண்டு ஸ்பிரிங்கும் ஒண்ணில்ல. பத்து கிலோ வித்தியாசம், நானே அளந்தேன். ஜோடி சேராததை உங்க தலையில கட்டிட்டான்."

சின்னவன் அசரவில்லை. "ஆமாண்ணே, கேட்டுத்தான் அப்படி வாங்குனேன். மாமா ஆளு கனம். எப்பவும் தனியாத்தான் ஓட்டுறாரு, ஓட்டுற பக்கமே சாஞ்சு போகுது. அதான் அங்க விறைப்பு கூட. நீங்க அளந்துட்டு நல்லா இருக்குன்னதும், அண்ணன் விஷயத்தைப் புடிச்சிட்டாருன்னு நெனச்சேன்."

மூக்கு அறுந்தது. அதைத் தடவிப் பார்ப்பதற்குள் பெரியவருக்கு ஒரு பிடி கிடைத்தது. "தனியாவா? பக்கத்துல அத்தை உக்காருவாங்களே?"

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசற்படியில் நின்றிருந்த மாமியார்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான் ஏறி ரெண்டு வருஷமாச்சுங்க மாப்பிள்ளை. நீங்க போட்ட ஸ்பிரிங்கு... இடுப்பு தாங்கல."

இவர் போட்டது நூற்று நாற்பது கிலோ. ஆயுசுக்கும் தளராது என்று தட்டிக் காட்டி மாட்டியது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை?"

"எப்படிங்க சொல்றது? நீங்க மூத்த மாப்பிள்ளை. மனசு நோகுமேன்னு..."

சின்னவன் கதவைத் திறந்தான். "ஒரு தடவை உக்காந்துதான் பாருங்களேன் அத்தை." அவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறினார். அவன் கதவை அறைந்து சாத்தினான்.

"டேய் தடியா!" உள்ளிருந்து மாமியார் கத்தினார். "மெதுவா சாத்துடா. உன்னை நம்பி எவன்டா வண்டிய விடுறான்?"

அவன் பல்லைக் காட்டினான். மாமியார் ஜன்னல் வழியே இந்தப் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க உள்ள போய் உக்காருங்க மாப்பிள்ளை. வெயில்ல நிக்காதீங்க."

மாமனார் ஓட்ட, கார் கிளம்பி, குழியில் மெத்தென்று இறங்கி ஏறி, தெருமுனையில் திரும்பியது. பெரிய மாப்பிள்ளை வெயிலிலேயே நின்றார். அந்த வீட்டில் இத்தனை வருடத்தில் அவரை ஒருவரும் திட்டியதில்லை. 'டேய் தடியா' என்ற அந்த இரண்டு சொல்லின்மேல் வந்த பொறாமை அவருக்கு அந்தக் காரின்மேல்கூட வந்ததில்லை.