மூக்கையாவின் மாத்திரைப் பெட்டி

2008இல் நானும் மூக்கையாவும் பனியன் துணி பின்னும் ஒரே நிட்டிங் கம்பெனியில் இருந்தோம். நான் மெஷின் பிட்டர், அவன் ஆபரேட்டர். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். ஆறு மெஷின் ஓடும்போது எதில் ஊசி உடைந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்வான். துணியில் கோடு விழுமுன் மெஷின் நின்றிருக்கும். அந்த ஹாலின் எண்ணெய் வாசமும், எஃப்எம் பாட்டுக்கு மேல் கத்திக் கத்திப் பேசியதும் இப்போதும் எனக்குப் பிடித்த நினைவுகள்.

பஞ்சு பறக்கிற இடத்தில் இருமல் யாருக்குத்தான் இல்லை. இருமினால் வெல்லக்கட்டி, வாழைப்பழம். தொண்டைப் பஞ்சை அது கீழே தள்ளிவிடும் என்று நம்பினோம். மூன்று மாதம் மூக்கையா வெல்லம் தின்றான். பாதி நான் வாங்கிக் கொடுத்தது. பேன்ட் நிற்காமல் அவன் இடுப்பில் கயிறு கட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சளியைச் சோதித்து டிபி என்றார்கள்.

அவன் மனைவி ஒச்சம்மாள் அப்போது தாய்வீட்டில் இருந்தாள். பெண் பிறந்து ஒன்பது நாள். "குணமாச்சுன்னு டாக்டர் கார்டுல எழுதட்டும், பிறகு பிள்ளைய அனுப்புறோம்" என்று மாமனார் போனில் சொல்லிவிட்டார்.

"இத்தன மாத்திரை எதுக்கு சார்? உடம்புக்குன்னு சொந்த சக்தி இல்லையா?" என்று டாக்டரிடம் கேட்டான் மூக்கையா.

"இருக்குங்க. உடம்புல இருக்கிற வெள்ளை அணு கிருமியை முழுங்கிருதுங்க. ஆனா செரிக்க முடியறதில்லை. கிருமி அதுக்குள்ளயே குடியிருக்குது."

"அப்ப அந்த அணுவுக்கு ஒரு செரிமான மருந்து குடுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதைத்தானுங்க தேடிட்டிருக்காங்க. அணுவுக்கே பலம் குடுத்துக் கிருமியைக் கொல்ல வைக்கற மருந்து. வெயில்ல கிடைக்கற வைட்டமின் உதவுமான்னு கூடப் பாக்கறாங்க. முடிவா எதுவும் தெரியலீங்க. அதுவரைக்கும் மாத்திரைதான்."

மூக்கையா காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்.

அவன் பெயர் எழுதிய மாத்திரைப் பெட்டி அங்கன்வாடி ஊழியர் அனுசுயாவிடம் இருந்தது. வாரம் மூன்று நாள் அவர் முன்னால் விழுங்க வேண்டும். இரண்டு மாதம் ஒழுங்காகப் போனான். சளி சுத்தமானது, எடை நாலு கிலோ கூடியது. அதன்பின் வாரத்தின் முதல் மாத்திரை மட்டும் அவர் முன்னால். மற்ற இரண்டை வீட்டில் போட்டுக்கொண்டு, வெற்று அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் மூக்கையா சட்டையைக் கழற்றிவிட்டு மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்து ஈரல் வறுவல் தின்பான்.

"அணுவுக்குத் தீனி போடுறேன் பாய். நம்ம ஆளு இருக்கையில வெளியாள் எதுக்கு?" என்பான் என்னிடம்.

கேலி என்று நினைத்தேன். ஐந்து வாரம் கழித்து அனுசுயா கம்பெனி கேட்டுக்கே வந்தார்.

"ஏனுங்கண்ணா, புதன்கிழமை மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்த்தா. அட்டை குடுத்தேன்ல."

"ஒண்ணுக்கு என்ன கலர்ல போச்சுங்க?"

மூக்கையா என்னைப் பார்த்தான். "எப்பவும் போலத்தான்."

"மாத்திரை போட்டா அன்னிக்குச் செவப்பாப் போகுமுங்க. அப்ப அந்த மாத்திரைய யாருங்க முழுங்குனது?"

ஐந்து வாரமாக அவன் வீட்டில் விழுங்க வேண்டிய மாத்திரைகளைச் சாக்கடையில் போட்டிருந்தான்.

"உள்ள தூங்கற கிருமி முழிச்சுதுன்னா அப்புறம் இந்த மாத்திரைக்கு மசியாமப் போயிருமுங்க. பாப்பாவ எப்பத் தூக்கப் போறீங்க?"

மறுபடி சளி சோதித்தார்கள். கிருமி இல்லை. விட்ட நாட்களுக்கும் சேர்த்துக் கூடுதல் நாள் போடச் சொன்னார் டாக்டர். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாத்திரையையும் அனுசுயா முன்னால் நின்றே விழுங்கினான். ஈரலையும் வெயிலையும் விடவில்லை. "ரெண்டு பேரும் ஷிப்ட் போட்டு வேலை பாக்கட்டும் பாய்" என்றான்.

குணமாகிவிட்டது என்று டாக்டர் கார்டில் எழுத ஏழு மாதத்துக்கு மேல் ஆனது. பழைய பஸ் ஸ்டாண்டில் ஒச்சம்மாள் இறங்கிக் குழந்தையை நீட்டினாள். வாங்கியதும், மூச்சு யார் மேலும் படக் கூடாதென்ற நோய்க்காலப் பழக்கத்தில் முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டான். குழந்தை வீறிட்டு அழுதது.

"புது ஆளுன்னு பயப்படுது. இங்க குடுங்க" என்றாள் ஒச்சம்மாள்.

கொடுக்கவில்லை. அழுகிற குழந்தையோடு பஸ் ஸ்டாண்டை இரண்டு சுற்று நடந்தான்.