பெரியம்மாவின் இருமல்

என் மேசை இழுப்பறையில் ஒரு கசெட் கிடக்கிறது. நாடா கந்தலாகிவிட்டது, இனி எந்த இயந்திரத்திலும் ஓடாது. அட்டையில் பென்சிலால் எழுதிய ஓர் அயர்லாந்துக் கிராமத்தின் பெயர் மட்டும் மங்கவில்லை.

அவுஸ்திரேலியாவில், டண்டினொங்கில் நான் வேலை செய்யும் கிடங்கின் மேற்பார்வையாளர் தந்தது. மேற்கு அயர்லாந்தின் மலைப்புறத்துக்காரர். அவருடைய பெரியம்மா சமையலறையில் உட்கார்ந்து வயலின் வாசித்ததை, தன் இளம் வயதில் பதிவுசெய்திருந்தார். அந்தப் பக்கத்து மெட்டுகளை ஊரார் இப்போது சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். அவர்களுக்கு அனுப்ப, கணினியில் ஏற்றித் தர முடியுமா என்றார். கணினி படித்தவள் என்ற மிதப்பில் ஒப்புக்கொண்டேன். ஏற்றி முடித்ததும் நாடா சிக்கிக் கிழிந்தது. இசைதான் வந்துவிட்டதே என்று இருந்துவிட்டேன். இருமல், கதிரை இழுபடும் சத்தம், இடையில் வரும் பேச்சு எல்லாவற்றையும் வெட்டித் துப்புரவாக்கிக் கொடுத்தேன்.

சாப்பாட்டு அறையில் கேட்டுவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினார். "பெரியம்மான்ர இருமல் எங்கை?" அவர் ஆங்கிலத்தில் கேட்டது என் நினைவில் இப்படித்தான் நிற்கிறது. இருமிவிட்டுத்தான் பெரியம்மா சொல்வாராம், இந்த மெட்டு யாரிடமிருந்து வந்தது, அந்த ஆளுக்கு யார் கொடுத்தது என்று. அதைச் சொல்லாமல் அங்கே வாசிக்கத் தொடங்குவதில்லை. பல மெட்டுகளுக்கு வேறு பெயரே கிடையாது. அத்தனை மனிதர்களையும் நான் வெட்டி எறிந்திருந்தேன்.

எந்நேரமும் கணினியோடு கிடக்கிறாய் என்று நான் ஏசும் மகளிடம் அன்று அழாத குறையாகச் சொன்னேன்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. நீங்க கிளீன் பண்ண முதலே நான் கொப்பி எடுத்தனான். அந்த அன்ரி காலால தாளம் போடுறது சரியான கூல்."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்க கேக்கேல்லையே!"

மகளின் கொப்பியைத்தான் அவருக்குக் கொடுத்தோம். சென்ற மாதம் மேற்பார்வையாளர் திடீரென்று இறந்துபோனார். அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை. ஊருக்கு அவர் அனுப்பியிருந்த பதிவை இங்கே நடந்த இறுதிச் சடங்கில் போட்டார்கள். முதலில் வந்தது, எங்களுக்குத் தெரியாமல் அவர் சேர்த்திருந்த அவருடைய குரல்: "இது பெரியம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. டண்டினொங்கில் ஒரு தாயும் மகளும் மீட்டுத் தந்தார்கள்." எங்கள் இரண்டு பெயர்களையும் தடுமாறாமல் சொன்னார், பழகிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு இருமல். பிறகு வயலின்.

அந்த மலைப்புறத்தில் இனி அதை வாசிக்க எடுப்பவர்கள் எங்கள் பெயர்களில் நாக்கு இடறிவிட்டுத்தான் தொடங்குவார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. வீட்டுக்கு வந்து கசெட்டை எடுத்தேன். கிராமத்தின் பெயருக்குக் கீழே எங்கள் இருவர் பெயரையும் பென்சிலால் எழுதினேன். எழுத்து தெளிவாகத்தான் விழுந்தது.