மேலே நின்றவன் கீழே போனான்

டார்பிடோ குண்டு தாக்கியபோது, சிக்னல்மேனான நான் மேல்தளத்தில், சிக்னல் டெக்கில் நின்றிருந்தேன். பொழுது சாய்ந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. எங்களுடையது சின்ன எஸ்கார்ட் கப்பல். பெரிய கப்பல்களுக்குக் காவல் போவதும், சோனார் வைத்து நீர்மூழ்கிகளைத் தேடுவதும் அதன் வேலை. அன்று நாங்கள் தேடிய நீர்மூழ்கி எங்களை முதலில் கண்டுபிடித்துவிட்டது.

ஐம்பது வருடங்களுக்கு முந்தைய போர் அது. இப்போது பெங்களூர் அல்சூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். கடற்படைக்குப் போகும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வந்து போர் எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அருள்

அருள் காக்ஸ் டவுன்காரன், நான் நீலசந்திராக்காரன். கப்பலில் பெங்களூர்த் தமிழர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவனுக்கு பாய்லர் ரூமில் வேலை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்று டியூட்டி முடிந்து, எனக்கு நேர் கீழே மெயின் டெக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

வெடித்ததும் விளக்குகள் அணைந்தன. கப்பல் வலது பக்கம் சாய்ந்தது. எல்லோரும் உயிர்காக்கும் மிதவையான ராஃப்ட் இருக்கும் பக்கம் ஓடினார்கள். அருள் மட்டும் கீழ்த்தளத்துக்கு இறங்கும் ஹேட்ச் பக்கம் போவதைப் பார்த்தேன்.

"அருளு, எங்கடா போற? மேல வாடா!" என்று கத்தினேன்.

"உள்ள நம்ம பசங்க இருக்காங்கடா. கதவு மாட்டிக்கினு இருக்கும்" என்றான். ஏணியில் இறங்கிவிட்டான்.

இரண்டாவது டார்பிடோ தாக்கியது. அந்த ஹேட்ச் வழியாக யாரும் மேலே வரவில்லை. சிறிது நேரத்தில் கப்பலே இல்லை.

கூட வந்த இன்னொரு எஸ்கார்ட் கப்பல் எங்களுக்காக நிற்கவில்லை. நின்றிருந்தால் அதுவும் போயிருக்கும். தண்ணீரில் மிதந்த எங்களுக்கும் அது தெரியும். ஆனாலும் அது விலகிப் போனதைப் பார்த்தபோது சிலர் அழுதார்கள். விடிந்த பிறகு திரும்பி வந்து, மிச்சமிருந்தவர்களைத் தூக்கியது.

காக்ஸ் டவுன் வீடு

லீவு கிடைத்ததும் நேராக அருள் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா சின்னப்பன் வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அருளின் மனைவி ரோஸ்லின் பின்னால் நின்றாள். 'மிஸ்ஸிங்' என்று தந்தி வந்திருந்தது.

"எங்கியாவது கரை ஒதுங்கியிருப்பான். இல்ல, அவங்க புடிச்சி ஜெயில்ல வெச்சிருப்பாங்க. இல்லியா முனுசாமி?" என்றார்.

"இல்லப்பா. அருள் கப்பலுக்குள்ள இருந்தான். நான் பார்த்தேன்."

அவர் கையை விட்டார். "கவர்மெண்டே மிஸ்ஸிங்னுதான் சொல்லுது. செத்துட்டான்னு சொல்ல நீ யாரு?"

ரோஸ்லின் கேட்டாள்: "அண்ணா, வெடிச்சப்போ அவரு டியூட்டியில இருந்தாரா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்லம்மா. மேலதான் இருந்தான். உள்ள மாட்டினவங்களைக் கூட்டியாரப் போனான்."

"அப்ப எங்களை நெனைக்கவேயில்லையா அவரு?" என்றாள்.

சின்னப்பன் கதவைச் சாத்தினார்.

பூசை

போர்க்கைதிகள் விடுதலையாகும் செய்தி வந்தபோது, சின்னப்பன் மகன் போட்டோவை எடுத்துக்கொண்டு டில்லி வரை போய் வந்தார். அங்கே அருளைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

அடுத்த லீவில் ரோஸ்லின் என்னைத் தேடி நீலசந்திரா வந்தாள். "அவருக்கு பூசை வைக்கணும்ணா. உடம்பு இல்ல, தந்தியிலயும் மிஸ்ஸிங்னுதான் போட்டிருக்குன்னு ஃபாதர் யோசிக்கிறாரு. நீங்க பார்த்ததை வந்து சொல்லுங்க. தெனம் வாசல்ல சத்தம் கேட்டா எழுந்து ஓடறேன். ரொம்ப பேஜாரா இருக்கு."

போய்ச் சொன்னேன். ஃபாதர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, நாள் குறித்தார்.

சவப்பெட்டி இல்லாத பூசை. ரோஸ்லின் முதன்முறையாக வாய்விட்டு அழுதாள். சின்னப்பன் சர்ச்சுக்குள் வரவில்லை. எதிர்ப்பக்கம் ரோட்டோரமாக, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முடிந்ததும் நான் அவரிடம் போய்ப் பக்கத்தில் நின்றேன். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

பிறகு கேட்டார்: "தண்ணி ரொம்ப சில்லுனு இருந்துச்சா?"

"இல்லப்பா. அவ்வளவு இல்ல."

தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் மகன் திரும்பி வருவான் என்று பேசி யாரும் கேட்டதில்லை. என்னோடும் அதிகம் பேசவில்லை. ரோஸ்லின் டீச்சர் வேலைக்குப் போய், கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டாள்.

சிக்னல்மேனாக இருந்தபோது, செய்தியைச் சுருக்கமாகவும் பிசகாமலும் அனுப்பக் கற்றுக்கொண்டேன். அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. வீடுகளில் அப்படி முடிவதில்லை. கூட இருந்தவன் வீட்டுக்கு நீங்கள் போக நேர்ந்தால், பார்த்ததைச் சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கதவைச் சாத்தினாலும் இன்னொரு நாள் போங்கள். அவர்கள் உண்மையில் கேட்க நினைப்பது முதல் நாளில் வாயில் வராது.