பெயின்ட் மிதக்காது

இங்கிலாந்தின் ஹல் நகரத்து ஹெஸ்ஸல் சாலையில் ஏமஸ் பிளெங்கினைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது அவன் வாயைத்தான். ஹல் துறைமுகத்து நீராவி மீன்பிடிக் கப்பல்களில் கரி போடுகிறவர்கள் பொதுவாகப் பேச மாட்டார்கள். வெக்கையில் தொண்டை வறண்டு கிடக்கும். எந்திரத்தின் இரைச்சலில் பேசினாலும் கேட்காது. ஏமஸ் அந்த இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகியவன். கரையில் இறங்கிய பிறகும் அந்தக் குரல் தணியவில்லை. மாதா கோவிலில் அவன் பாட்டுப் பாடினால் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பாட்டை நிறுத்திவிட்டு அவனும் அவர்களைப் பார்ப்பான்.

கட்டையான ஆள். புருவத்தில் பாதி என்றோ நெருப்பில் கருகிப் போனது, பிறகு முளைக்கவில்லை. எந்தக் கப்பலிலும் அவன் அதிக காலம் தங்கியதில்லை. தேநீரில் எண்ணெய் மிதக்கிறது என்று ஒரு சமையல்காரனோடு சண்டை. உலையை விட்டு மேலே வந்து மீனும் அறுக்கச் சொன்னதற்காக ஒரு மேஸ்திரியோடு சண்டை. ஆனால் அடுப்பின் முன்னால் நின்றானென்றால் நீராவி முள் ஒரு கோடு இறங்காது. அதனால் சண்டைக்காரன் என்று தெரிந்தும் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள். அப்படித்தான் அந்தக் குளிர்காலத்தில் 'லவீனியா'வில் ஐஸ்லாந்து போனான்.

கேப்டன் ரூபன் கார்விக் கெட்டவர் இல்லை. மீன் இருக்கும் இடத்தை மோப்பம் பிடிக்கிறவர். மீன் கிடைத்துவிட்டால் ஆட்களுக்குத் தூக்கம் என்று ஒன்று உண்டு என்பதை மறந்துவிடுகிறவர். அந்தப் பயணத்தில் மடிவலை ஒவ்வொரு தடவையும் காட் மீன் பிதுங்கப் பிதுங்க மேலே வந்தது. இடுப்பளவு மீனுக்குள் நின்று ஆட்கள் குடலை உருவினார்கள். குளிரில் மரத்த கையைக் கத்தி கீறினால்கூட ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பிகளிலும் கயிறுகளிலும் பனி உறைந்து தடித்தது. அதை உடைத்து உதிர்க்கவும் அவர்களேதான்.

ஏமஸ் ஒரு நடுப்பகலில் சாம்பல் வாளியை மேலே இழுத்துக் கடலில் கொட்ட வந்தான். அங்கே குளிர்காலத்து நடுப்பகல் என்பது நம் அந்தி மாதிரிதான். மடி ஏறிக்கொண்டிருந்தது. விளிம்பில் சிக்கிய வலையை விடுவிக்க வில்ஃப் ஸ்டாதர் குனிந்திருந்தான். ஏமஸின் தெருக்காரன், கல்யாணமாகி அதிக காலம் ஆகாதவன். கப்பல் சாய்ந்தது. பச்சையாக ஒரு அலை ஏறி வந்து, வடிந்தது. வில்ஃப் இருந்த இடத்தில் வலை மட்டும் இருந்தது.

"ஆள் விழுந்துட்டான்" என்று ஏமஸ் கத்தியது சுக்கான் மேடையில் நின்ற கேப்டனுக்கும் கேட்டது.

வில்ஃப் தெரிந்தான். கூப்பிடு தூரம்கூட இல்லை. கையைத் தூக்கினான். கார்விக் எந்திரத்தை நிறுத்தி, தோணியை இறக்கச் சொன்னார். கப்பலுக்கு இருந்தது ஒரே ஒரு தோணி. பின்தளத்தில் கட்டிக் கிடந்த அதற்குள் சமையல்காரன் உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தான். மூட்டைகளைத் தூக்கி எறிந்தார்கள். தோணி இறங்கியது. மேஸ்திரியும் இன்னொருவனும் குதித்தார்கள். மூன்றாவதாக, அது தன் வேலை இல்லை என்றாலும், ஏமஸ் குதித்தான்.

துடுப்பைப் பிடிப்பதற்குள் கணுக்கால் நனைந்தது. பிறகு முழங்கால். தண்ணீர் மேலேயிருந்து வரவில்லை. அடிப்பலகை இற்றுப் போயிருந்தது. கடல் சத்தமில்லாமல் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. மேலே நின்றவர்கள் கயிறு வீசி மூன்று பேரையும் இழுத்து ஏற்றியபோது தோணி விளிம்புவரை நிரம்பிவிட்டது. வில்ஃப் போட்டிருந்த எண்ணெய்த் துணித் தொப்பி மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை.

ஏமஸ் கீழே போய் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தான். வழியில் ஒரு நாள் உருளைக்கிழங்கு எடுக்கப் போனபோது அந்தப் பலகை கட்டை விரலுக்கு மெத்தென்று அமுங்கியது அவன் நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தான். வாய் நீளம் என்று பேர் வாங்கியவன், சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. ஹல் வந்து சேரும்வரை அவன் யாரோடும் சண்டை போடவில்லை. அதுதான் மற்றவர்களைப் பயமுறுத்தியது.

கரையில் மீனை இறக்கினார்கள். நல்ல விலை போனது. வில்ஃபின் மனைவி லாட்டியிடம் அவன் பையைக் கொடுத்தார்கள். அடுத்த பயணத்துக்குக் கரியும் பனிக்கட்டியும் ஏற்றினார்கள். காலைக் கடலேற்றத்தில் புறப்பாடு என்று வந்து நின்ற ஏமஸ் நேரே பின்தளத்துக்குப் போனான். கடலிலிருந்து தூக்கி ஏற்றிய அதே தோணி பளபளவென்று இருந்தது. வெளியே வெள்ளை, உள்ளே சாம்பல் நிறம். பெயின்ட் இன்னும் கையில் ஒட்டியது.

முதலாளியின் கரைக் காரியங்களைப் பார்க்கும் கிரிம்ஷா, வட்டத் தொப்பியும் கையுறையுமாகத் துறைமேடையில் நின்றிருந்தார்.

"என்ன பிளெங்கின், கீழ போகலையா? நீராவி யார் ஏத்துவா, உங்க அப்பனா?"

"எங்க அப்பன் செத்துட்டாரு. இந்தத் தோணியை யாரு பார்த்தா?"

"பார்த்தாச்சு, சரி பண்ணியாச்சு. கண்ணு தெரியலையா?"

"தெரியுது. பெயின்ட் அடிச்சிருக்கீங்க. பெயின்ட் மிதக்காது."

சுற்றி நின்றவர்களில் ஒருவன் சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டான். கிரிம்ஷாவின் கழுத்து சிவந்தது.

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு. பேர் கொடுத்துட்டுக் கப்பலேற மாட்டேன்னா அது குற்றம். தெரியும்ல?"

ஏமஸ் கடல் பூட்ஸோடு தோணிக்குள் ஏறி நின்றான். வலது காலைத் தூக்கி ஒரே மிதி. புதுப் பெயின்ட் கொஞ்சம் இழுத்துப் பார்த்து, கிழிந்தது. கால் முழங்கால்வரை கீழே இறங்கி, தோணிக்கு அடியில் தளத்தைத் தொட்டது. அதை உருவிக்கொண்டு இன்னொரு இடத்தில் மிதித்தான். அதுவும் போனது.

"இப்ப அடிங்க பெயின்டு" என்றான்.

போலீஸ்காரர் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனபோது கேப்டன் கார்விக் மேலே நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிமன்றத்தில் விஷயம் சீக்கிரம் முடிந்தது. அந்த வாரம் மட்டும் அதே மாதிரி வேறு சிலரும் வந்திருந்தார்கள்: குடித்துவிட்டுக் கப்பலைத் தவறவிட்டவன், குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஏறாதவன். ஏமஸ் மேல் இரண்டு குற்றம், கப்பலேற மறுத்தது ஒன்று, கப்பல் சொத்தைச் சேதப்படுத்தியது ஒன்று. தோணி வேலைக்குப் போதுமானதாக இருந்தது என்று கார்விக் சாட்சி சொன்னார். ஏமஸ் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

"தோணியை நீதானே உடைத்தாய்?" என்றார் நீதிபதி.

"உடைக்கலை ஐயா. மிதிச்சேன். மிதிச்சா உள்ள போயிடுச்சு."

"மிதித்துப் பார்ப்பதற்கா கப்பலில் தோணி வைத்திருக்கிறார்கள்?"

"முங்குற நேரத்துல அதுக்குள்ள காலை வெச்சுத்தான் இறங்கணும் ஐயா. தலையை வெச்சு இறங்க முடியாது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபக்காரர் இல்லை, மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "நீ இப்போதே கப்பலுக்குப் போய் வேலையில் சேர்ந்தால், நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை" என்றார்.

பின்வரிசையில் அவன் மனைவி ஹெப்சிபா உட்கார்ந்திருந்தாள். போடா போ என்று ஒரு மனசு. போயிடாதே என்று இன்னொரு மனசு.

"புதுத் தோணி வந்திருச்சுன்னா போறேன் ஐயா. பழைய தோணின்னா ஜெயிலுக்கே அனுப்பிடுங்க. அங்க தரை கெட்டியா இருக்கும்."

ஒரு மாதம் கடுங்காவல் கிடைத்தது.

சிறையில் பழைய கப்பல் கயிறுகளை விரலால் பிரித்துப் பஞ்சாக்கும் வேலை கொடுத்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் நகம் கிழியும். ஏமஸின் விரல்கள் ஏற்கெனவே கருகித் தடித்திருந்ததால் கயிறுதான் தோற்றது. கஞ்சி தண்ணீராக இருக்கிறது என்று சமையல்காரனோடு சண்டை போட்டான். அதற்காக இரண்டு நாள் வெறும் ரொட்டி. அப்போதும், கஞ்சி தண்ணீராகத்தான் இருந்தது என்று சொன்னான்.

இதற்குள் வெளியே ஒன்று நடந்தது. முழங்கால் நுழைகிற இரண்டு ஓட்டைகளைப் பெயின்ட் அடித்து மறைக்க முடியாது. அந்தத் தோணியோடு புறப்பட மற்றவர்களும் தயங்கினார்கள். வாய் திறந்து யாரும் மறுக்கவில்லை. ஒருவனுக்குத் திடீரென்று பல்வலி, ஒருவனுக்குக் காலுறை காணவில்லை, எந்திரக்காரருக்கு எந்திரத்தில் ஏதோ சத்தம். கடலேற்றம் ஒன்று வீணாகப் போனது, இன்னொன்றும் போனது. கப்பல் சும்மா நிற்க நிற்க முதலாளிக்கு வயிறு எரிந்தது. கடைசியில் புதுத் தோணி ஒன்று வண்டியில் வந்து இறங்கியது. முழுக்க நல்ல மரம். லவீனியா அதை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஏமஸின் இடத்தில் வேறொருவன் கரி போட்டான்.

கப்பல் கிளம்புகிற நாளில் அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் துணி துவைக்க மாட்டாள். துவைத்தால் வீட்டு ஆம்பிளையைக் கடல் அடித்துக்கொண்டு போய்விடும் என்பது சாஸ்திரம். அன்று காலை ஹெப்சிபா தொட்டியை வாசலுக்கே இழுத்துப் போட்டு, சட்டைகளை அடித்துத் துவைத்தாள். எதிர்வீட்டுக்காரி ஓடி வந்தாள்.

"உனக்குப் பைத்தியமா ஹெப்ஸி? கப்பல் போற நாளு."

"என் ஆம்பிளை ஜெயில்ல இருக்கான். எந்தக் கடல் வந்து ஜெயிலை அடிச்சிட்டுப் போகும், சொல்லு பார்ப்போம்?"

"எங்க வீட்டுக்காரரு அந்தக் கப்பல்லதான்டி போறாரு."

"புதுத் தோணியோட போறாரு. யாரால போறாருன்னு நெனைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போ."

எதிர்வீட்டுக்காரிக்கு அழுகை வந்துவிட்டது. கறுப்பு உடையில் லாட்டி ஸ்டாதர் தெருமுனையிலிருந்து வந்தாள். கையில் இருந்த மூட்டையைப் பிரித்து, வில்ஃபின் கம்பளிச் சட்டையை எடுத்து, ஹெப்சிபாவின் தொட்டியில் போட்டாள்.

"எனக்கு இனிமே எல்லா நாளும் ஒண்ணுதான். கொஞ்சம் தள்ளி நில்லு ஹெப்ஸி" என்றாள். இருவருமாகப் பிழிந்து, தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டிக் காயப்போட்டார்கள். வேலைக்குப் போகிற ஆண்கள் அந்த ஈரச் சட்டைகளுக்கு அடியில் குனிந்து போக வேண்டியிருந்தது.

லவீனியா பத்திரமாகத் திரும்பி வந்தது. புதுத் தோணி கடலைத் தொடவே இல்லை.

இதுதான் ஏமஸ் வெளியே வந்தபோது மதுக்கடையில் அவனுக்குக் காத்திருந்த கேலி. "உன் தோணியில என்ன வெச்சிருக்காங்க தெரியுமா ஏமஸ்? உருளைக்கிழங்கு" என்றான் ஒருவன்.

"நல்லது. இப்ப கிழங்காவது முங்காது."

சிரித்தார்கள். ஆனால் அன்று அவன் குடித்ததற்கு அவனைக் காசு கொடுக்க யாரும் விடவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த கார்விக் எழுந்து, போகிற வழியில் அவன் மேசையருகே நின்றார். தொப்பியைக் கையில் சுழற்றினார்.

"புதுத் தோணி நல்லாத்தான் இருக்கு, பிளெங்கின்."

"தெரியும் கேப்டன். வாங்கிக் கொடுத்தது நான்தானே."

கார்விக் கதவைத் திறந்துகொண்டு போனார்.

அதன் பிறகு ஹல் துறையில் ஏமஸுக்கு வேலை இல்லை. இல்லை என்று யாரும் சொல்லவில்லை. "இடம் நேத்தே போயிடுச்சே" என்பார்கள். "அடுத்த வாரம் வா" என்பார்கள். அவன் அடுத்த வாரமும் வந்தான். தினமும் முகம் கழுவி, கழுத்துத் துணி கட்டி, துறையின் நடுவில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் போய் நின்றான். ஹெப்சிபா வீட்டில் வலை பின்னினாள். கிடைத்த நாளில் அவன் கரி மூட்டை சுமந்தான். கோடை வந்தது. ஒருநாள் கிரிம்ஷாவே அவனைக் கூப்பிட்டார். நல்ல கரிக்காரர்கள் குறைந்துவிட்டார்கள். கப்பல்கள் நீராவி இல்லாமல் தவழ்ந்தன.

"முதலாளி பெரிய மனசு பண்றாரு. நாலு பேர் முன்னால ஒரு மன்னிப்பு கேட்டுடு. நாளைக்கே உனக்குக் கப்பல்."

"எதுக்கு மன்னிப்பு?"

"தோணியை உடைச்சதுக்கு. வேற எதுக்கு?"

ஏமஸ் கொஞ்ச நேரம் யோசித்தான். அவன் யோசித்ததைப் பார்த்து, வழிக்கு வந்துவிட்டான் என்று கிரிம்ஷா நினைத்தார்.

"மன்னிப்பு கேட்கணும்தான். ஆனா உங்க முதலாளிகிட்ட இல்லை. லாட்டிகிட்ட. ஒரு பயணம் முன்னாலயே உடைக்காம விட்டதுக்கு. அதையும் போன மாசமே கேட்டுட்டேன். உங்க முதலாளி கேட்டுட்டாரான்னு விசாரிச்சுச் சொல்லுங்க."

முதல் தடவையாக அவன் குரல் தணிந்திருந்தது. அதனால்தானோ என்னவோ, துறையில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கேட்டது.

அந்த வாரமே அவனும் ஹெப்சிபாவும் வீட்டைக் காலி செய்து ஆற்றைக் கடந்து அடுத்த மீன்பிடித் துறையான கிரிம்ஸ்பி போனார்கள். படகுத்துறைவரை லாட்டி கூட வந்து ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டாள். கிரிம்ஸ்பியில் வயதான கேப்டன் ஒருவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ பெரிய வம்புக்காரன்னு ஹல்லுல சொன்னாங்க."

"குறைச்சுத்தான் சொல்லியிருப்பாங்க."

"கரி போடுவியா?"

"இந்தத் துறையில எனக்கு மேல போடுறவன் இருந்தா காட்டுங்க."

கிழவர் வாயிலிருந்து புகைக்குழாயை எடுத்தார். "அப்ப கீழ போ. சமையல்காரன்கிட்ட மட்டும் வம்பு பண்ணாதே, அவன் என் மச்சினன்" என்றார்.

வட கடலில் கண்ணிவெடி வாரி அகற்றப் போன போர்க்காலம் உட்பட, ஏமஸ் அதற்குப் பிறகு பல வருஷம் கடலில் இருந்தான். கடற்படையில் அதிகாரிக்குச் சல்யூட் அடிக்கவில்லை என்று இரண்டு தடவை தண்டனை வாங்கினான். கையில் கரி மண்வெட்டி இருந்தது என்பது அவன் வாதம். தொழிற்சங்கம் வந்தபோது முதலில் சேர்ந்தான். கூட்டத்தில் தலைவரையே உட்காரச் சொல்லிவிட்டு எழுந்து பேசினான். நெஞ்சில் கரித்தூள் அடைத்து, பேச்சு இரைப்பாக மாறிய காலத்தில் வீட்டுக் கட்டிலில் செத்தான். அன்று காலையில்கூட கஞ்சி தண்ணீராக இருக்கிறது என்றான். ஹெப்சிபா எழுந்து போய்க் கெட்டியாக வேறு காய்ச்சிக் கொண்டுவந்தாள். ஒரு கரண்டி வாயில் வாங்கி, "ம்" என்றான்.