சிஸ்டர் வீட்டுப் பின்பிரேக்

தெருவே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரியில் மட்டும் அவள் ‘ஏனக்கா’. எதைப் பார்த்தாலும் ஏன் என்று ஒரு தரம் கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. லிஃப்ட் ஏன் மூன்றாம் மாடியில் மட்டும் முனகுகிறது என்று தெரிந்துகொள்ள, ரிப்பேர்க்காரருக்குப் பின்னாலேயே மோட்டார் அறை வரைக்கும் ஏறிப் போய்வந்த ஆள். அவள் இருக்கும் வார்டுக்கு வரும்போது பெரிய டாக்டர்கூட நாலு பதிலைக் கையோடு கொண்டுவருவார்.

ஏழு வருஷமாக அவளுக்கு இரவு ஷிஃப்ட்தான். கணவர் பள்ளிக்கூட வாத்தியார். காலை ஏழரைக்கு அவள் உள்ளே வருவாள், அவர் வெளியே போவார். இரவு ஏழரைக்கு அவர் டியூஷன் முடித்து உள்ளே வருவார், அவள் கிளம்புவாள். கல்யாணமாகி ஏழு வருஷம் என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம். அதில் பாதி, வாசலில் நின்றபடி “சாப்ட்டீங்களா”, “கேஸ அணைச்சியா” என்று கேட்டுக்கொண்டதிலேயே ஓடிப்போயிற்று. வாரத்துக்கு ஒரு நாள் லீவு கிடைத்தாலும் அன்றைக்கு ராத்திரி அவளுக்குப் பொட்டுத் தூக்கம் வராது. ஹாலில் உட்கார்ந்து மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் ஒரு பகல் வேலை காலியானது. மலைப்பாதையோரத்து வீடுகளுக்குப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் கவனிக்கும் வேலை. சொந்தக் கார் வேண்டும், காருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். திங்கட்கிழமை மாலைக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். கார் இருந்தது. ஆனால் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பின்சக்கரங்கள் இரண்டும் விடமாட்டேன் என்று அடம்பிடித்துச் சூடாகிக்கொண்டிருந்தன. தெருமுனை மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ரெண்டு காலிப்பரும் புதுசு போடணும் சிஸ்டர். ஆர்டர் பண்ணா வர மூணு வாரம் ஆகும்.”

“ஏன் புதுசு போடணும்? உள்ள என்ன ஆயிருக்கு?”

“பிஸ்டன் துருப்பிடிச்சு மாட்டிக்கிச்சு. கழட்டி, சுத்தம் பண்ணி, வேற ரப்பர் போட்டா ஓடும். ஆனா அதுக்கெல்லாம் யாருக்கு இப்ப பொறுமை இருக்கு?”

அவருக்கு இல்லாவிட்டால் போகட்டும், அவளுக்கு இருந்தது. உதிரிபாகக் கடையில் ரப்பர் வளையங்களும் பிரேக் ஆயிலும் வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வாசலிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டாள். ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினாள். உள்ளே பளபளவென்று ஒரு இரும்புத் தட்டு. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துவதுதான் காலிப்பர். அதன் வயிற்றுக்குள் ஒரு பிஸ்டன். மிதித்தால் ஆயில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பிரேக் கட்டையைத் தள்ளும், கட்டை தட்டைப் பிடிக்கும். ‘அட, இவ்வளவுதானா!’ என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கழற்றியதும் முதல் வேலையாக, வார்டு வழக்கப்படி பிளாஸ்டர் ஒட்டி ‘இடது’, ‘வலது’ என்று எழுதினாள். பிஸ்டனோ வெளியே வரமாட்டேன் என்றது. ஆயில் வரும் துளையில் சைக்கிள் பம்பைச் சொருகி, எதிரே ஒரு மரத்துண்டை வைத்துவிட்டு அடித்தாள். பத்தாவது அடியில் டப்பென்று வந்து விழுந்தது. அன்றைக்கு இரண்டு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு, அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற வாத்தியார் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

“வீட்டையாவது விட்டு வைப்பியா?”

“இங்க பாருங்களேன், இந்தச் சின்ன ரப்பர்தான் பிஸ்டனப் பின்னால இழுத்து விடுது. வேற ஸ்பிரிங்கே இல்ல!”

வாத்தியார் பார்த்தார். ஒன்றும் புரியாவிட்டாலும் அவள் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடித்திருந்தது. வேறு சட்டை மாற்றிக்கொண்டு ஓடினார்.

நல்லவேளை, பிஸ்டன்களில் குழி விழவில்லை. துருவைத் தேய்த்து எடுத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புது ரப்பரைப் பிரேக் ஆயிலில் நனைத்து உட்கார்த்தினாள். வெளிப்புறத்துக்குக் கம்பி பிரஷ். அத்தோடு விட்டிருக்கலாம். இவ்வளவு பாடுபட்டது பார்க்கவும் லட்சணமாக இருக்கட்டுமே என்று பிளாஸ்டரை உரித்துப் போட்டுவிட்டு, சூடு தாங்கும் கறுப்புப் பெயின்டை அடித்தாள். சாப்பாட்டு மேஜையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாகப் படுத்துக் காய்ந்தன.

சனிக்கிழமை மாட்டியாயிற்று. இனி குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். காலிப்பரில் அதற்கென்றே ஒரு சின்னத் திருகு உண்டு. வாத்தியார் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, சிஸ்டர் அடியில் மல்லாந்து படுத்துத் திருகைத் திறந்து மூட, மீன்தொட்டிக் கடைக் குழாய் வழியாகப் பழைய ஆயில் பாட்டிலில் இறங்கியது.

“மிதிங்க. அப்படியே பிடிங்க. இப்ப விடுங்க.”

“பசங்ககூட என்னை இவ்வளவு வேலை வாங்கினதில்லை.”

மூன்று முறை செய்தார்கள். ஆயிலில் ஒரு குமிழிகூட இல்லை. ஆனாலும் பெடல் பஞ்சு மெத்தையாகக் கீழே போனது. காற்று இல்லையென்றால் ஏன் பஞ்சாக இருக்கிறது? காற்று இருக்கிறதென்றால் ஏன் வரமாட்டேன் என்கிறது? அவள் படுத்தபடியே, ஆயில் கசிகிறதா என்று ஒவ்வொரு இணைப்பாகத் துடைத்துப் பார்த்தாள். கசிவும் இல்லை.

“ரெண்டு தடவை மிதிச்சா கல்லு மாதிரி நிக்குதே,” என்றார் வாத்தியார். “சோதனையில ரெண்டு தடவை மிதிச்சிடேன்.”

“மலை இறக்கத்துல ரெண்டாவது மிதிக்கு நேரம் இருக்குமாங்க?”

அவர் ஸ்டியரிங்கைத் தடவியபடி, “இந்த வேலை உனக்குக் கிடைக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு. அதான் அப்படிச் சொல்லிட்டேன். தப்புதான்,” என்றார்.

எனக்கும்தான் என்று நினைத்தபடியே அவள் கையைத் துடைத்தாள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பன்னிரண்டாம் படுக்கைக்காரருக்கு ஊசி. மருந்தை உறிஞ்சி, சிரிஞ்சை நிமிர்த்தி, நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினாள். குமிழிகள் மேலே ஏறி முனையில் சேர்ந்தன. அமுக்கி வெளியேற்றினாள். ஆயிரக்கணக்கான முறை செய்த காரியம்தான். ஆனால் இன்றைக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. காற்று மேலேதான் போகும். அந்தத் திருகு எங்கே இருந்தது? நேற்று மல்லாந்து படுத்துத் திறந்தாளே, அப்படியானால் அது கீழே இருக்கிறது!

“என்ன சிஸ்டர், போடலையா? மருந்து ஏதும் மாறிப்போச்சா?” என்று பதறினார் படுக்கைக்காரர்.

“மருந்து சரிதான் சார். வீட்டுலதான் இடதும் வலதும் மாறிப்போச்சு,” என்று சொல்லி ஊசியைப் போட்டாள். அவருக்கு என்ன புரிந்ததோ, வலியைக்கூட மறந்து விழித்தார்.

காலிப்பர் இரண்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒரே அச்சு. பக்கம் மாற்றி மாட்டினாலும் மறுப்பேதும் சொல்லாமல் உட்கார்ந்துகொள்ளும், திருகு மட்டும் தலைகீழாகிவிடும். சாம்பிள் பாட்டிலில் லேபிள் இல்லாவிட்டால் வார்டையே உண்டு இல்லை என்று பண்ணுகிறவள், தன் வீட்டு மேஜையில் லேபிளை உரித்துப் பெயின்ட் அடித்திருக்கிறாள். தன்மேல் வந்த கோபத்தைவிட, புதிர் அவிழ்ந்த சந்தோஷம்தான் அவளுக்கு அதிகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. இரண்டையும் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டினாள். திருகுகள் இப்போது மேலே நிமிர்ந்து நின்றன. வாத்தியார் மிதித்தார். குழாயில் கொத்துக் கொத்தாகக் குமிழிகள் வந்தன.

“வருதுங்க! வருதுங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

பெடல் பாதியிலேயே உறுதியாக நின்றது. திங்கட்கிழமை, சோதனைக் கூடத்து உருளைகளின்மேல் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவாகப் பிடித்தன. இந்த உருளை எப்படி அளக்கிறது என்று அவள் கேட்கத் தொடங்க, அதிகாரி சான்றிதழைக் கையில் திணித்து அனுப்பிவைத்தார். மாலைக்குள் அது ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் பகல் வேலையின் முதல் நாள். இரவு இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஒன்றாகப் பாத்திரம் கழுவினார்கள். ஒன்பதரைக்குப் படுக்கையறைக்குள் போனபோது இருவருக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஆனால் இருவருமே கட்டிலின் கால்மாட்டில் நின்றுவிட்டார்கள்.

“நீ எந்தப் பக்கம் படுப்ப?” என்றார் வாத்தியார்.

அவள் யோசித்தாள். “தெரியலீங்க. நான் எப்பவும் நடுவுலதான் படுப்பேன்.”

“நானும்தான்,” என்றார் அவர்.