எஸ்தரின் கைமடி

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு வாய் வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆண்டவர் எங்கள் வீட்டுக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

என் மனைவி எஸ்தருக்கு முதல் வலிப்பு 1988-ல் வந்தது. முதலிபாளையத்தில் ஒரே பனியன் கம்பெனியில் இருவரும் டெய்லராக இருந்தோம். தைத்துக்கொண்டிருந்தவள் எதையோ மெல்லுவதுபோல் வாயை அசைத்தாள். கண் எங்கோ நிலைத்தது. பிறகு சரிந்தாள். கையில் இரும்பைக் கொடுங்கள் என்று எல்லாரும் சத்தம் போட்டார்கள். பனியன் கம்பெனியில் கைக்கு எட்டும் இரும்பு கத்தரிதானே. யாரோ நல்ல மனதோடு நூல் வெட்டும் கத்தரியை அவள் கையில் திணித்துவிட்டார். தெளிந்தபோது உள்ளங்கை கிழிந்து ரத்தம் ஓடியது. "எனக்கு என்னங்க ஆச்சு?" என்று என்னைத்தான் கேட்டாள். 

அதன்பின் அடிக்கடி வந்தது. கோயமுத்தூர் டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாற்றிக் கொடுத்தார். இரண்டு மூன்று சேர்த்தும் கொடுத்தார். நிற்கவில்லை. வலிப்பு வரும்போதும் அவள் கால் மெஷின் பெடலிலேயே இருக்கும். துணி ஓடிக்கொண்டே இருக்கும், ஊசிக்குப் பக்கத்தில் விரல் இருக்கும். முதலாளி அவளை நிறுத்தப் பார்த்தார். "நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேனுங்க" என்று கேட்டு, என் மெஷினை விட்டு அவளுக்குக் கைமடியாக உட்கார்ந்தேன். டெய்லர் தைக்கத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து வைக்கிற ஆளுக்குத்தான் கைமடி என்று பெயர். பழகுகிறவர்கள் செய்யும் வேலை. அவள் வாய் மெல்லத் தொடங்கினால் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, தோளில் சாய்த்துக்கொள்வேன்.

கம்பெனியில் தூத்துக்குடிப் பக்கத்து அயர்ன் மாஸ்டர் ஒருவர் கேலியை விடமாட்டார். "என்ன அண்ணாச்சி, டெய்லரா இருந்த ஆளு பொண்டாட்டிக்குக் கைமடியா ஆயிட்டியளே" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். எஸ்தர் குனியமாட்டாள். "எனக்கு வாச்ச கைமடி இப்புடிங்க. உங்கூட்டு அக்காவுக்கு வேணுமான்னு கேட்டுப் பாருங்க" என்று அவர் மனைவியை இழுப்பாள். அதிலிருந்து வீட்டிலும் என்னை "ஏனுங்க கைமடி" என்றே கூப்பிட்டாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. எங்கள் மகள் ரூத்தைத் தான் மட்டும் கூட்டிக்கொண்டு தாராபுரத்துக்குப் பஸ்ஸில் போய்த் தன் அம்மாவைப் பார்த்து வர வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டக்கூட யாரும் அவளைத் தனியே விட்டதில்லை. ஒரு நாள் ரூத்தின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "என்னைய எதுக்குங்க ஆண்டவரு வெச்சிருக்காரு?" என்று கேட்டாள். அன்று இருவரும் சாப்பிடவில்லை.

1996-ல் கோயமுத்தூர் டாக்டரே, இதற்கு இப்போது ஆபரேஷன் செய்கிறார்கள் என்று கேரளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேனில், மூளையின் இடது பக்கம் ஒரு தழும்பு தெரிந்தது. வலிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது, அதை எடுக்கலாம் என்றார்கள். சந்தோஷப்பட்டோம். பிறகு ரத்தக் குழாய்களைப் படம் எடுத்தார்கள். டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார்.

"மூளையோட அந்தப் பக்கத்து ரத்தம் வெளியே வர மத்தவங்களுக்கு ரெண்டு மூணு வாய்க்கால் இருக்கும். இவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அதுவும் நாங்க வெட்டற இடத்தை ஒட்டி இருக்கிற மாதிரி தெரியுது. அதுக்குச் சேதம் வந்தா மூளை வீங்கும். பேச்சுப் போகலாம், உயிருக்கேகூட ஆபத்து. திறந்து பார்ப்போம். முடியாதுன்னா தொடாம மூடிடுவோம்."

வராந்தா பெஞ்சில் எஸ்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"பேச்சுப் போயிட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"நீ கையக் காட்டு கண்ணு. எனக்குப் புரியும்."

"உங்களத் திட்டோணும்னா?"

"அதுக்கும் கையத்தான் காட்டோணும்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் சட்டையைப் பிடித்து அழுதாள். "செஞ்சுக்கலாமுங்க" என்றாள்.

மறுநாள் காலை உள்ளே கொண்டுபோனார்கள். உங்களுக்கே தெரியும், வீட்டு ஜெபத்தில் ஆளுக்கொரு வார்த்தை ஜெபிக்கும்போது என் முறை வந்தால் ஆமென் மட்டும் சொல்வேன். எனக்காக எப்போதும் எஸ்தர்தான் ஜெபிப்பாள். அன்று அவள் கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தாள். எனக்காகக் கேட்க ஆளில்லை. வராந்தாவில் அத்தனை பேர் நடுவில் தரையில் முழங்கால் போட்டேன். வாய்விட்டுச் சொன்னேன்.

"ஆண்டவரே, அந்த ஒத்த வாய்க்கால அங்க வெச்சது நீருதான். அது எங்க இருக்குதுன்னு டாக்டருக்குக் காட்டும். அவ பேச்ச எங்களுக்கு விட்டுரும்."

அவ்வளவுதான். வேறு வார்த்தை வரவில்லை. வந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். பக்கத்தில் காத்திருந்த ஓர் அம்மா, எந்த மதமோ தெரியாது, என் முதுகில் கை வைத்திருந்தார்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். முகமூடியை இறக்கிவிட்டு, "படத்துல பார்த்ததைவிடக் குழாய் ஒரு விரற்கடை பின்னால தள்ளி இருந்தது. முன்பக்கமா போய் எடுத்துட்டோம். குழாயைத் தொடவே இல்லை" என்றார். பேச்சு எப்படி என்று அவள் விழித்தால்தான் தெரியும் என்றும் சொன்னார்.

என்னை உள்ளே விட்டபோது தலை முழுதும் கட்டு. கண் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. பழையபடி மெல்லுகிறாளோ என்று என் உயிர் போய் வந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"ஏனுங்க கைமடி, சாப்டீங்களா?"

நர்ஸ் பிள்ளைக்கு அந்த வார்த்தை புரியவில்லை. நான் அழுததைப் பார்த்துப் பயந்துவிட்டது.

டாக்டர் சொன்னபடி மாத்திரையை இன்னும் விடாமல் கொடுக்கிறேன். வலிப்பு அதற்குப்பின் வரவில்லை. போன பங்குனியில் எஸ்தர் ரூத்தைக் கூட்டிக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறினாள். கூட வருகிறேன் என்றேன். "நீங்க போயி உங்க மெஷின்ல உக்காருங்க" என்றாள். பஸ் போனபிறகும் வெகுநேரம் ஸ்டாண்டிலேயே நின்றேன்.

இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், வெட்கப்பட்டு மறைத்து வைக்காதீர்கள். கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அழகாக ஜெபிக்கத் தெரியாதே என்றும் நிற்காதீர்கள். என் மூன்று வார்த்தையைக் கேட்டவர் உங்களுடையதையும் கேட்பார். வரும் வீட்டு ஜெபம் எங்கள் வீட்டில்தான். எல்லாரும் வாருங்கள். என் முறை வரும்போது தாண்டிப் போய்விடாதீர்கள்.