நாக்கில் கோளாறு இல்லை

பிஸ்கட் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் நாக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக ருசி பார்ப்பதுதான் அவள் வேலை. அடுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை எடுத்து, முகர்ந்து, கடித்து, மென்று, துப்பி, வெந்நீரில் வாய் கொப்பளித்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போவாள். அவள் தலையாட்டினால்தான் சரக்கு பொட்டலம் கட்டும் இடத்துக்கு நகரும். மாவு கிடங்கில் ஒரு வாரம் கூடுதலாகக் கிடந்திருந்தால்கூட ஒரே கடியில் சொல்லிவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும்போது தலை சுற்றியது. வலது கை லேசாக மரத்தது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வாயில் பற்பசையின் குளிர்ச்சி மட்டும் இருந்தது, இனிப்பைக் காணோம். சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்றும் அடுத்த எட்டு நாளும் பிஸ்கட்டுகள் வாயில் வெறும் மாவாக நொறுங்கின. வாசனை வந்தது, மொறுமொறுப்பு தெரிந்தது. அதை வைத்தே தலையாட்டினாள். பயந்திருக்க வேண்டும். ஏனோ பயம் வரவில்லை.

பத்தாம் நாள் மேனேஜர் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிய சரக்கு.

"அக்கா, இதைக் கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்க."

சுற்றிலும் நாலைந்து பேர் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். அவள் ஒன்றை எடுத்து நிதானமாக மென்றாள். வழக்கத்துக்கு மாறாகத் துப்பாமல் விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

மேனேஜர் ஒரு துண்டைத் தன் வாயில் போட்டார். அடுத்த நொடியே குப்பைக்கூடையில் துப்பினார். சோடா மாவு இரண்டு மடங்கு விழுந்த சரக்கு அது.

"சோப்பைக் கடிச்ச மாதிரி இருக்குக்கா. உங்களுக்கு நிஜமாவே தெரியலையா?"

"தெரியலையே" என்றாள், யாருடைய வாயைப் பற்றியோ பேசுவதுபோல.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் நாக்கில் சொட்டுச் சொட்டாக நான்கு விதத் தண்ணீரை விட்டார். இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு. நாலும் அவளுக்கு ஈரம்தான். பிறகு தலையைப் படம் எடுத்தார்கள். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர் கிரீஸ் படிந்த நகங்களோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நாக்குல ஒரு கோளாறும் இல்லம்மா" என்றார் டாக்டர். "நாக்கு தன் வேலையைப் பாக்குது. சேதி நரம்பு வழியா மூளைக்குப் போகுது. ஆனா இது இனிப்பு, இது கசப்புன்னு பிரிச்சுச் சொல்ற இடம் மூளைக்குள்ள காதுக்கு மேல, கொஞ்சம் ஆழத்துல இருக்கு. அங்க ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. வாசனைக்கு வழி வேற, அதனாலதான் அது தப்பிச்சுது."

"வலி, சூடு, காரம்லாம் தெரியுதே டாக்டர்?" என்று கணவர் கேட்டார்.

"அதுக்கும் நரம்பு வேறங்க. காரம் ருசியே இல்ல, அது எரிச்சல்." டாக்டர் அவளைப் பார்த்தார். "உங்களுக்கு வருத்தமா இருக்காம்மா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வருத்தப்படணும்னு தெரியுது டாக்டர்."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். மூளையில் அடைபட்ட அந்த இடம் ருசியை மட்டும் பார்ப்பதில்லை, உள்ளுக்குள் தோன்றும் உணர்ச்சியிலும் அதற்குப் பங்கு உண்டு, சிலருக்கு இரண்டுமே மங்கிப்போகும் என்றார்.

தொழிற்சாலையில் அவளைப் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். உடைந்ததைப் பொறுக்கி எறிவது வேலை. பழைய மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்தபோது வெந்நீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்று இவளே போய்ச் சொல்லிக்கொடுத்தாள். மற்றவர்கள்தான் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டாள். ஏதாவது தெரியட்டும் என்று மிளகாய்த்தூளை அள்ளிப் போட ஆரம்பித்தாள். கணவர் மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியச் சாப்பிட்டார். ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்தார்.

"ஏம்மா, ருசி போனது உனக்கு. தண்டனை எனக்கா?"

அவள் சிரித்திருக்க வேண்டிய இடம். "சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாள். மறுநாளிலிருந்து தனக்கு மட்டும் தனியாகத் தூவிக்கொண்டாள்.

"ஒரு தடவை அழுதாவது தொலையேன்" என்றார் அவர் இன்னொரு நாள்.

"வந்தா அழமாட்டேனா?"

எட்டு மாதம் இப்படியே போயிற்று. ஒரு விடுமுறை நாள் மதியம், ரத்த அழுத்த மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீரைத் தேடினாள். குடத்தில் தண்ணீர் இல்லை. குழாயடிக்குப் போவதற்குள் மாத்திரை கரைந்துவிட்டது. நாக்கின் அடியில் ஏதோ சுருக்கென்றது. எரிச்சல் இல்லை. குளிர்ச்சியும் இல்லை. முகம் தானாகக் கோணியது. அது என்னவென்று பிடிபடவே சற்று நேரமாயிற்று.

பணிமனைக்குப் போன் போட்டாள்.

"கசக்குதுங்க."

"எது?"

"மாத்திரை."

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "துப்பிடாத, வரேன்" என்றார்.

வரும் வழியில் அரைக்கிலோ பாகற்காய் வாங்கி வந்தார். உப்புகூடப் போடாமல் அவரே வேகவைத்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார். அவள் கண்ணை மூடி மென்றாள்.

"என்னம்மா, தெரியுதா?"

"கொடுமையா இருக்குங்க" என்று இன்னொரு துண்டை எடுத்தாள். அவள் கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியதை அவர்தான் முதலில் பார்த்தார். தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

உப்பு பிறகு அரைகுறையாக வந்தது. இனிப்பு இன்றுவரை வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். அவள் இன்னும் பொட்டலப் பகுதியில்தான் இருக்கிறாள்.